மேடை முன்னால் கரமடி

அந்த வீடியோ ஒரு ரோஜாப்பூவில் தொடங்கும். பூ விரிந்ததும் இரண்டு புறாக்கள் பறந்து வந்து, ‘கடலோர இசை விழா: ஓர் ஆவணப்படம்’ என்ற எழுத்துகளை அலகில் கவ்விக் கொண்டுவந்து வைக்கும். அடுத்த நொடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஆகாயத்தில் பறக்கும். எடுத்தவர் கல்யாண வீடியோக்காரர். எந்தக் கல்யாணத்துக்கும் அவர் புறாவை விட்டுக்கொடுத்ததில்லை. எங்கள் மானம் கப்பலேறிய அன்றைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதைப் பார்க்கவே மாட்டேன் என்று ஒரு காலத்தில் சபதம் எடுத்திருந்தேன். இப்போது வருஷத்துக்கு ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கிறேன். சிடி கீறல் விழுந்து, நடுநடுவே நின்று நின்றுதான் ஓடுகிறது. என் வாழ்க்கையில் யார் யாருக்கெல்லாம் நன்றி சொல்லவேண்டும் என்று யோசித்தால் அந்தப் புறாக்களையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

சுனாமி வந்துபோய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எங்கள் ஊர் முட்டத்துக்கு மேற்கே ஒரு கடப்புறம், மீன்பிடிக்கிறவர்களின் கரையோர ஊர். என் கணவர் கெல்ஃபில் வேலை பார்த்தார். பெரிய பெரிய பாட்டுக் கச்சேரிகளுக்கு மேடை கட்டி, ஸ்பீக்கர் பெட்டி ஏற்றி, ஒயர் இழுத்துக் கொடுக்கிற கம்பெனி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் தாண்டியிருந்தது. சேர்ந்திருந்த நாட்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷம் தேறுமா என்பது சந்தேகம்தான்.

எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. அப்பாவிடம் ஃபோனில் வாய் ஓயாமல் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதுவரை சொல்லுவாள். அதே அப்பா நேரில் வந்து நின்றால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். மிட்டாய் டப்பாவைக் கதவிடுக்கு வழியாக நீட்டினால் கை மட்டும் வெளியே வந்து வாங்கிக்கொள்ளும். அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு முற்றத்துக்குப் போய்க் கொஞ்சநேரம் தனியாக நிற்பார். எனக்கு அதைக் காணச் சகிக்காது.

அந்த டிசம்பரில் வந்தபோது பெட்டிக்குள் சட்டை துணிக்குப் பதிலாக, பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு மிக்சர் மெஷினைக் கொண்டுவந்தார். ஏற்கெனவே மார்த்தாண்டத்தில் ஓர் ஆசாரியிடம் சொல்லிவைத்து, ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள் தயாராகியிருந்தன. புதுவருஷம் கழிந்ததும் எங்கள் கடற்கரையில் மூன்று நாள் இசை விழா. பாலைவனத்து மணலில் நடக்கும்போது கடற்கரை மணலில் ஏன் நடக்காது என்பது அவர் கேள்வி.

“பிள்ளே, இது மட்டும் நடந்து கிட்டிச்சுண்ணா நான் திரும்பிப் போவமாட்டேன். இங்கயே சவுண்ட் சர்வீஸ் போட்டுட்டு இருந்திருவேன்” என்றார்.

“நடக்கல்லண்ணா?”

“டிக்கெட்டு கெடக்குல்லா.”

திரும்பிப் போகிற டிக்கெட் என் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் கிடந்தது. ஜனவரிக் கடைசியில் பயணம். ‘விழா நடந்தாலும் நடக்காவிட்டாலும் போகவேண்டாம்’ என்று நான் சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் பக்கத்துப் பெண்கள் கெல்ஃப்காரனிடம் “எப்பம் வருவிய?” என்று கேட்போம். “இருப்பியளா?” என்று கேட்கமாட்டோம். கேட்டால் மனசு கலங்கும், கலங்கின மனசோடு ஆண்பிள்ளை விமானம் ஏறக்கூடாது என்று அம்மாமார் சொல்லி வளர்த்தது. அந்தக் கேள்வியை நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்குவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

அதனால் கேட்கவேண்டியதைக் கேட்காமல், விழாவுக்கு மாடாய் உழைத்தேன். என் கணவரும் அவரோடு லீவில் வந்திருந்த மூன்று நான்கு கூட்டுக்காரர்களும் வீட்டு முற்றத்திலேயே குடியிருந்தார்கள். அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டேன். டிக்கெட் வாங்குகிறவர்கள் கையில் கட்டிவிட நீலமும் சிவப்புமாகத் துணிப்பட்டை தைத்தேன். கெல்ஃபில் அப்படித்தானாம். சிவப்புப் பட்டைக்காரர்களுக்கு முன்வரிசை நாற்காலி.

அனுமதிக்கும் குறைவைக்கவில்லை. பஞ்சாயத்தில் கேட்டார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தார். பங்குச் சாமியாரிடம் போனார். சாமியார் ஊர்க் கமிட்டியைக் கேட்கச் சொன்னார். கமிட்டியில் ஒருவர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

“எல்லாம் சரிதான் மக்கா. கரமடிக்காரருட்ட ஒரு வார்த்த சொல்லிட்டியா?”

கரமடி என்பது கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை. மீன் கூட்டம் கரைக்குப் பக்கத்தில் வந்தால் வள்ளத்தில் போய் அதைச் சுற்றி வலையை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம் நின்று இழுக்கும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நடந்து வந்து, கடைசியில் நடுவில் மடி, அதாவது மீன் சேர்ந்த வலைப்பை, கரை ஏறும். எங்கள் கரையில் மடி வைத்திருக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு நாள் முறை உண்டு. முறைக்காரனுக்கு அன்றைக்குக் கரை முழுவதும் சொந்தம். அவன் கயிறு வருகிற வழியில் யாரும் ஒரு துணிகூடக் காயப்போடமாட்டார்கள். இது கடப்புறத்தில் நடை பழகுகிற பிள்ளைக்கும் தெரியும்.

என் கணவருக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்ன பதில் இது: “நம்ம மாமாதானே, அவருட்ட என்ன சொல்லதுக்கு? இப்பம் கடல்ல மீனும் இல்லல்லா.”

கடலில் மீன் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அவர் வந்த நாள்முதல் எங்கள் வீட்டில் மீன்கறி இல்லை. கெல்ஃப்காரன் வந்திருக்கிறான் என்று என் அம்மா வீட்டில் கோழி, அவர் அக்கா வீட்டில் கோழி, சித்தப்பா வீட்டில் மாட்டிறைச்சி. கடப்புறத்தில் மீன் வைத்து விருந்து கொடுத்தால் கௌரவக் குறைச்சல். தட்டில் மீனைக் காணாதவர் கடலிலும் மீன் இல்லை என்று முடிவுகட்டிவிட்டார். ஆண்டவரே, இப்படி ஒரு கணக்கை எங்கள் ஊர் கெல்ஃப்காரனைத் தவிர வேறு யாரால் போடமுடியும்? எனக்காவது உறைத்திருக்கவேண்டும். நான் பட்டை தைத்துக்கொண்டிருந்தேன்.

மேடையைக் கடலைப் பார்த்துக் கட்டினார்கள். சாயங்கால வெயில் பாடுகிறவர்கள் முகத்தில் விழவேண்டும் என்பது அவர் ஆசை. அதனால் ஜனங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காரும்படி ஆயிற்று. சுற்றிலும் சவுக்குக் கம்பு நட்டு, நீலத்துணி கட்டி, தண்ணீர் ஓரம் வரைக்கும் வேலி. எந்த இடத்தில் மடி ஏறுமோ, சரியாக அந்த இடத்தில் சிவப்புப் பட்டைக்காரர்களின் நாற்காலிகள்.

முதல் நாள் மத்தியானம் மூன்று மணிக்கே கூட்டம் வரத்தொடங்கியது. நாகர்கோவிலிலிருந்து, குளச்சலிலிருந்து, தேங்காய்ப்பட்டணத்திலிருந்துகூட வந்தார்கள். ஆரல்வாய்மொழி தாண்டி வந்த ஒரு கூட்டம் வேனின் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்தது. நான் வாசலில் நின்று பட்டை கட்டினேன். மகள் என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டை எடுத்துக்கொடுத்தாள். நாகர்கோவில் கோஷ்டி முதல் பாட்டைத் தொடங்கியபோது, அந்தப் பெட்டிகளிலிருந்து வந்த சத்தம் என் நெஞ்சைத் தொட்டது. இரைச்சல் இல்லை, அவ்வளவு சுத்தம். அவர் மேடை ஓரத்தில் கம்பியில்லாத மைக்கோடு நின்றார். நான் அவரையே பார்த்தேன். அலமாரியிலிருக்கிற டிக்கெட்டைக் கிழித்து அடுப்பில் போடுகிற மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு.

மூன்றாவது பாட்டோ நாலாவது பாட்டோ, கரமடிக்காரர் வாசலுக்கு வந்தார். முறைப்படி எனக்கு மாமா. பெரிய உடம்பு, சின்னக் குரல். அவசரம் என்பதே அவர் அறியாதது.

“ஏட்டி மக்களே, அந்தக் கம்புகள எடுக்கச் சொல்லு. நெத்திலி வந்திருக்கு. மடி வளைச்சாச்சு.”

திரும்பிப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே பறவைகள் கூட்டம். வள்ளம் சுற்றி வந்துகொண்டிருந்தது.

“மாமா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்…”

“இன்னைக்கு எனக்க முறையாக்கும். நெத்திலி நாளைக்கு நிக்குமா?”

எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். வந்தது. ஒரு நாள் மீன் பிடிக்காவிட்டால் குடியா முழுகிவிடும் என்று அத்தனை ஜனத்துக்கு முன்னால் கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் ஆட்கள் வந்து, இடுப்புக் கத்தியால் நீலத்துணியை அறுத்தார்கள். கயிறு உள்ளே வந்தது. என் பட்டைக் கூடை கவிழ்ந்து மணலில் பரந்தது. அதற்குமேல் அங்கே நின்றால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. “பிள்ளைய பாத்துக்கிடுங்க” என்று பக்கத்துவீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டிலிருந்தாலும் கேட்டது. அந்தப் பெட்டிகள் அப்படி. பாட்டு பாதியில் நின்றது. “யாரும் எழும்பாதீங்க, எல்லாரும் இருங்க” என்று அவர் கெஞ்சுவது கேட்டது. பிறகு ஏதோ ஆரவாரம். எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. கதவு ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு மிக்ஸியில் தேங்காயைப் போட்டு ஓட்டினேன். நாலு தேங்காய் அரைத்தேன். ராத்திரிக் கறிக்கு அரைமுறி போதும்.

மற்றதெல்லாம் பலர் வாயாகக் கேட்டது. இரண்டு பக்கத்துக் கயிறும் நெருங்கி நெருங்கி வர, நடுவிலிருந்த நாற்காலிக்காரர்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்காரும் நிலைமைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் கயிற்றுக்குப் பக்கத்தில் சும்மா நிற்கக்கூடாது, நிற்கிறவன் கை வைக்கவேண்டும். கை வைத்தவனுக்கு மீனில் பங்கு உண்டு. இதை யாரோ உரக்கச் சொல்லிவிட்டார்கள். நாகர்கோவில்காரர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்கள். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் பேண்டைச் சுருட்டிவிட்டுப் பிடித்தார். புல்லாங்குழல்காரர், குழலை முதுகில் சொருகிக்கொண்டு பிடித்தார். மடி ஏறியபோது மேடை முன்னால் வெள்ளிப் பாளம் போல நெத்திலி. காக்கா, பருந்து, நாய், பூனை எல்லாம் டிக்கெட் இல்லாமல் வந்தன.

அதன்பிறகு மீன் வியாபாரிகளின் வண்டிகள் கோட்டாற்றிலிருந்தும் குளச்சலிலிருந்தும் வந்து ரோட்டை அடைத்தன. அடுத்து பாடவேண்டிய கோஷ்டியின் வேன் அதில் மாட்டியது. எல்லைக்கு அப்பாலிருந்து வரவேண்டிய பெரிய பாடகர், நாலு ரோடு கூடுகிற முக்கிலேயே மீன் மணம் அடித்ததும் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஏலக்காரர் மேடையில் ஏறி மைக்கில் ஏலம் விட்டார். சிவப்புப் பட்டைக்காரர் ஒருவர், தனக்குப் பெரிய பங்கு வேண்டும், சிவப்புக்கு முதல் மரியாதை என்று சொல்லித்தானே டிக்கெட் விற்றார்கள் என்று நியாயம் பேசினார். நீலப் பட்டைக்காரர் ஒருவர் விடவில்லை. அங்கேதான் நாற்காலி பறந்தது. ஒரு நாற்காலியில் தொடங்கி ஒன்பது பத்து நாற்காலி வரைக்கும் போயிற்று. இதையெல்லாம் நின்று பார்க்க இடமில்லாமல் மேடையில் ஏறின கூட்டத்தின் கனத்தில் மேடையின் ஒரு கால் மணலுக்குள் இறங்கியது. மூன்று நாள் விழா விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்துவிட்டது.

என் கணவர் உடம்பெல்லாம் நனைந்து, தலையில் மணலும் செதிலுமாக வந்தார். பின்வாசலில் கால் கழுவினார். நான் துண்டை நீட்டினேன். முகத்தைத் துடைத்துவிட்டு,

“ஏட்டி, அந்த டிக்கெட்டு எங்க இருக்கு?” என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சேலைகளுக்கு அடியில் இருந்ததால் அதில் பாச்சா உருண்டை வாசனை அடித்தது. மகள் பக்கத்துவீட்டு அக்காவோடு வந்தாள். கவுன் முழுக்க நனைந்திருந்தது. அவளுக்கும் இரண்டு திட்டுக் கிடைத்தது.

அதோடு முடிந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். விழாவைப் படம் பிடிக்க என் கணவர் அந்தக் கல்யாண வீடியோக்காரரை ஏற்பாடு செய்திருந்தார். சின்ன வயசுக் கூட்டுக்காரன். அடுத்த வருஷத்து விழாவுக்கு ஆட்களிடம் காட்ட ஓர் ஆவணப்படம் வேண்டும் என்பது திட்டம். வீடியோக்காரர் கல்யாண வீட்டில் சுற்றுவதுபோல ஒவ்வொரு முகமாக வெளிச்சம் அடித்து எடுத்திருந்தார். சொன்னபடி ஒரு வாரத்தில் படத்தை முடித்தார். முடித்ததோடு நிற்காமல், உள்ளூர் கேபிள்காரரிடமும் ஒன்று கொடுத்துவிட்டார்.

வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தது. தினமும் சாயங்காலம் ஒளிபரப்பு. விழாவுக்குப் பெயரே ‘நெத்திலி விழா’ என்று ஆயிற்று. பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம், “அடுத்த வருஷம் சாளை விழா உண்டுமாக்கா?” என்று கேட்டார். கிணற்றடியில் ஒருத்தி, “ஒனக்க மாப்பிள்ளையும் நல்லா கயிறு பிடிச்சாரு, கேட்டியா” என்று சிரித்தாள். எல்லாம் குத்தல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் கேபிள் ஒயரைப் பிடுங்கி வைத்தேன். வீடியோக்காரர் கொண்டுவந்து கொடுத்த சிடி, உறை பிரிக்காமல் டிவிக்கு மேலே கிடந்தது. “நான் எடுத்தத எடுத்தபடி போட்டேன் அக்கா” என்றார். புறாவையும் எடுத்தபடியா போட்டாய் என்று கேட்டேன்.

என் கணவர் வெளியே போவதை நிறுத்தினார். ஸ்பீக்கர் பெட்டிகளுக்குச் சாக்கு போர்த்தி விறகுப்புரையில் வைத்தார். அட்டைப்பெட்டி கட்டத் தொடங்கினோம். கெல்ஃப் பெட்டி கட்டுவது எனக்குக் கைவந்த வேலை. முந்திரிக்கொத்து, அச்சப்பம், நேந்திரங்காய் வறுவல், மீன் ஊறுகாய். எதுவும் உடையாமல் இடையிடையே லுங்கி. மேலே மார்க்கரில் கொட்டை எழுத்தில் பெயர். அப்புறம் கயிறு போட்டு, முழங்காலால் அமுக்கி, இறுக்கி ஒரு கட்டு. அவர் பிடிக்க, நான் முடிச்சுப் போட்டேன்.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம், கரமடிக்காரர் வந்தார். கையில் ஒரு பெரிய பொதி, ஒரு சின்னப் பொதி. எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. அவர் நான் கத்தின நினைவே இல்லாதவர் போல நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய பொதியை என் கணவர் பக்கம் நீக்கிவைத்தார்.

“மக்கா, ஒனக்க பங்கு.”

“எனக்கு என்ன பங்கு மாமா?”

“கயிறு பிடிச்சியா இல்லியா?”

“பிடிச்சேன்.”

“பொறவு? நீ வந்து வாங்கேல்ல. பச்சை மீன எத்தன நாளு வச்சிருக்க? அதான் ஒனக்க அத்தை உணக்கிப் போட்டா.”

பொதியைத் திறந்தார். நெத்திலிக் கருவாடு. நல்ல வெயிலில் காய்ந்து, தலை கிள்ளி, சுத்தமாக இருந்தது. கயிறு பிடித்தவனின் பங்கை மடிக்காரன் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது, வைத்தால் அடுத்த மடி சுருங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

சின்னப் பொதியைக் காட்டி, “இது?” என்று நான் கேட்டேன். அதுதான் அன்றைக்கு நான் பேசின முதல் வார்த்தை.

“பிள்ளைக்க பங்கு. அவளும் பிடிச்சாள்லா.”

“எனக்க பிள்ளையா? மாமா, நீங்க வேற யாரையோ…”

“சவத்த, எனக்குத் தெரியாதா? கேபிள்ல போட்டானாமே. எனக்க வீட்டுல பிள்ளைகளுக்குப் பரீட்சைண்ணு வெட்டின கேபிள இன்னும் கட்டல்ல. நான் இன்னும் பாக்கேல்ல. ஒங்க கையில உண்டும்ணா போடு, பாப்பம்.”

மறுக்க வழியில்லை. உறையைப் பிரித்தேன். ரோஜாப்பூ விரிந்தது, புறாக்கள் வந்தன, நாற்காலி பறந்தது. அதற்குப் பிறகு படம் முதலிலிருந்து ஓடியது. என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவில் சாய்ந்து நின்றேன். மகள் வழக்கம்போல அதன் பின்னால்.

மேடையில் அவர் மைக்கோடு நிற்கிறார். எல்லாரும் இருங்க, இருங்க என்கிறார். கூட்டம் மேடைக்கு முதுகைக் காட்டிக் கடலுக்கு ஓடுகிறது. பின்னால், அடிக்கிறதற்கு மனமில்லாமல், டிரம்ஸ்காரர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். இடது பக்கத்துக் கயிற்றில் ஆள் குறைவு. கயிறு நழுவுகிறது. அதை மேடையிலிருந்து அவர்தான் முதலில் காண்கிறார். “விடாதீங்கடே, விடாதீங்க” என்று மைக்கிலேயே கத்துகிறார். அடுத்த நொடி மேடையிலிருந்து குதித்து, மைக்கைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடிக் கயிற்றைப் பிடிக்கிறார்.

மைக்கை அணைக்கவில்லை. மடி இழுக்கும்போது ஒருவர் குரல் கொடுக்கவேண்டும், மற்றவர்கள் அதற்கு ஏற்றாற்போல இழுக்கவேண்டும். எங்கள் கரையில் அதற்கென்று பாட்டுச் சொற்கள் உண்டு. அவருக்கு அவை மறந்துபோயிருந்தன. வாயில் வந்தது கெல்ஃபில் பாரம் தூக்கும்போது சொல்லுகிற அரபிச் சொல்: “யல்லா! யல்லா!” வா, சீக்கிரம் என்று அர்த்தம். அது ஆள் உயரப் பெட்டிகளிலிருந்து கடலுக்குமேல் போகிறது. மேடையில் தனியாக இருந்த டிரம்ஸ்காரர் அதற்குத் தாளம் போடத் தொடங்குகிறார். இரண்டு பக்கத்துக் கயிறும் ஒரே நேரத்தில் இழுபடுகிறது. டவுன்காரரும் ஊர்க்காரரும், சிவப்பும் நீலமும், “யல்லா” என்று திருப்பிச் சொல்லுகிறார்கள்.

வீடியோக்காரர் தன் வழக்கப்படி ஒவ்வொரு முகமாகக் கிட்டப் போகிறார். என் கணவரின் முகத்துக்கு வருகிறார். அவர் சிரிக்கிறார். பல்லெல்லாம் தெரிய, கண்ணில் உப்புத்தண்ணீர் வடிய, தன்னை யார் பார்க்கிறார்கள் என்ற எண்ணமே இல்லாமல் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் புதுசு. லீவு நாட்களில் என்னிடம் சிரித்ததெல்லாம் எத்தனை நாள் பாக்கி என்று எண்ணிக்கொண்டே சிரித்த சிரிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

படம் கொஞ்சம் கீழே இறங்குகிறது. அவருக்குப் பின்னால், அவர் சட்டையின் ஓரத்தை ஒரு கையாலும் கயிற்றை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை மணலில் ஊன்றி, எங்கள் மகள். “யல்லா அப்பா” என்கிறாள். மைக்கில் அதுவும் விழுந்திருந்தது.

பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் சுவரிலிருந்து எப்போது திரும்பினார் என்று நான் கவனிக்கவில்லை.

“நீ எனக்க பொறத்த நிண்ணியா?” என்று கதவுப்பக்கம் கேட்டார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கயிறு பிடிக்கிறவன் பின்னால் திரும்பமாட்டான்.

கதவுக்குப் பின்னாலிருந்து, “நிண்ணேன்” என்று பதில் வந்தது. கொஞ்சம் கழித்து ஆளும் வெளியே வந்தாள். வந்து, மாமாவின் பக்கத்திலிருந்த சின்னப் பொதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். அவர் அசையாமல் இருந்தார். அசைந்தால் எழுந்து போய்விடுவாளோ என்ற பயம் அவர் தோளில் தெரிந்தது.

படம் முடிந்தது. புறாக்கள் எழுத்துகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயின. மாமா தொண்டையைச் செருமினார்.

“சத்தம் கொள்ளாம். முட்டத்துல நிண்ணவனுக்கும் கேட்டுதாம். அண்ணு அந்த எடது கயிறு போயிருந்தா மடி போயிருக்கும், மக்கா. எனக்க வீட்டுல அடுப்பு எரியாது.” துண்டை உதறித் தோளில் போட்டார். “எனக்க மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. தவக்காலம் பிடிக்கதுக்கு முன்ன. ஒனக்க பெட்டிதான் வேணும்.”

“பெட்டி இங்கதான் கெடக்கும் மாமா. யாரெயாவது விட்டு வச்சுத்தரச் சொல்லுகேன்.”

“யாரெயாவது நான் கேக்கல்ல. நீ இருப்பியா?”

ஊரில் ஒருவரும் என் கணவரிடம் கேட்காத கேள்வி அது. எப்பம் வந்த, எப்பம் போற, என்ன கொண்டுவந்த என்று கேட்டவர்கள் உண்டு. பத்து வருஷமாக நான் விழுங்கி விழுங்கி வயிற்றில் வைத்திருந்ததை அந்த மனிதர், நெத்திலி நிற்குமா என்று கேட்ட அதே சின்னக் குரலில், அதே அவசரமில்லாத முகத்தோடு கேட்டுவிட்டார். அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் இந்த ஜென்மத்தில் தீராது. வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகிறது. அவர் இன்னும் ஏன் என்று கேட்டதில்லை.

என் கணவர் கீழே பார்த்தார். மகள் பொதியைப் பிரித்து, ஒரு கருவாட்டை எடுத்து மோந்துபார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருப்பேன் மாமா.”

“அப்பம் மைக்க சட்டைக்குள்ள போடாத. பெண்ணு மாப்பிள்ளை பறையதும் கேக்கணும்லா” என்றார் மாமா.

நான் அடுக்களைக்குப் போனேன். தேயிலைக்குத் தண்ணீர் வைத்தேன். வந்தவருக்குத் தட்டில் வைக்க ஏதாவது இருக்கிறதா என்று டின்களைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருந்ததையெல்லாம் அட்டைப்பெட்டியில் அடைத்துவிட்டிருந்தேன். மீன்வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, அத்தனை பேருக்கும் முன்னால், அந்தப் பெட்டியில் நான் இறுக்கிப் போட்ட கயிற்றை அறுத்து, அச்சப்பம் எடுத்து மாமாவுக்கு வைத்தேன்.